வர்த்தக ஒப்பந்தம் வந்தால் விசா சுலபமாகிவிடுமா? ஹைதராபாத் ஐ.டி. ஊழியருக்கு அதில் என்ன இருக்கிறது?

2017 ஜூலையில் 16 நாடுகளின் வர்த்தகப் பேச்சுவார்த்தைக் குழுக்கள் ஹைதராபாத்தில் கூடின. 'ஆர்செப்' எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்துக்கான 19-வது சுற்று அது. ஆசியான் நாடுகள் 10, அவற்றுடன் சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. உள்ளே பேச்சு நடக்க, வெளியே விவசாய அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் எதிர்ப்புக் கூட்டம் நடத்தின. நியூசிலாந்துப் பால் பவுடரும் சீனப் பொருட்களும் வந்து குவியும் என்பது அவர்கள் பயம்.

இந்தியா அங்கே முன்வைத்த கணக்கு எளிமையானது. 'உங்கள் பொருட்களுக்கு நாங்கள் வரியைக் குறைக்கிறோம். எங்கள் சேவைகளுக்கும் ஆட்களுக்கும் நீங்கள் கதவைத் திறங்கள்.' உறுப்பு நாடுகளுக்குள் தொழில் நிமித்தம் சுலபமாகப் போய்வர 'ஆர்செப் பயண அட்டை' ஒன்று வேண்டும் என்றும் இந்தியா கேட்டது. இந்தக் கோரிக்கையை வைக்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். நகருக்கு வெளியே சில்கூரில் இருக்கும் பாலாஜி கோயிலுக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர். 11 சுற்று சுற்றி வேண்டிக்கொள்வார்கள், விசா கிடைத்ததும் வந்து 108 சுற்றுவார்கள்.

கணக்கு பலிக்கவில்லை. 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் இந்தியா ஆர்செப்பிலிருந்து விலகியது. மற்ற 15 நாடுகளும் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. பொருட்கள் விஷயத்தில் இருந்த பயம் விலகலுக்குப் பெரிய காரணம். சேவைத் துறையில் பதிலுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காதது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

சேவை வர்த்தகம் என்றால் என்ன?

அரிசியோ காரோ துறைமுகம் வழியாகப் போகும். அங்கே வரி போடலாம், குறைக்கலாம். சேவை அப்படிப் போவதில்லை. உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து 1995-ல் அமலுக்கு வந்த 'காட்ஸ்' எனும் சேவை வர்த்தகப் பொது ஒப்பந்தம், சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது.

கச்சிபௌலியில் உட்கார்ந்து லண்டன் வங்கிக்கு ஒருவர் மென்பொருள் எழுதினால் முதல் வழி. ஆள் நகரவில்லை, வேலை மட்டும் எல்லை தாண்டுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தோ மேற்கு ஆசியாவிலிருந்தோ நோயாளி ஹைதராபாத் மருத்துவமனைக்கு வந்து சிகிச்சை பெற்றால் இரண்டாவது. வெளிநாட்டு நிறுவனம் இங்கே வந்து சொந்த அலுவலகம் திறந்தால் மூன்றாவது. நம் ஊழியர் தற்காலிகமாக வெளிநாடு போய் வேலை செய்தால் நான்காவது. நம் ஊரில் 'ஆன்சைட்' என்கிறோமே, அதுதான்.

இந்தியா பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை மேசையில் அதிகம் சண்டை போட்டது இந்த நான்காவது வழிக்காக. ஆனால் பணம் எங்கே இருக்கிறது? உலக வர்த்தக அமைப்பின் 2019 அறிக்கைப்படி, உலகச் சேவை வர்த்தகத்தில் கிட்டத்தட்ட 59 சதவீதம் மூன்றாவது வழியில், அதாவது அலுவலகம் திறப்பதன் மூலம் நடக்கிறது. சுமார் 28 சதவீதம் முதல் வழி. ஆட்கள் போய்வரும் நான்காவது வழியின் பங்கு 3 சதவீதம்கூட இல்லை. அவ்வளவு சின்னதாக இருப்பதற்குக் கதவுகள் மூடியிருப்பதும் ஒரு காரணம்தான், மறுக்க முடியாது.

வரி இல்லை என்றால் தடை எது?

உள்நாட்டுச் சட்டம்தான். விசா எண்ணிக்கை, விசா கட்டணம், பட்டத்தை ஏற்பதா இல்லையா, வெளிநாட்டார் எத்தனை சதவீதப் பங்கு வைத்திருக்கலாம், உரிமம் யார் தருவது, தகவல்களை எந்த நாட்டில் வைக்க வேண்டும் என்று பட்டியல் நீளும். சுங்க வரியைக் குறைக்க ஒரு அறிவிப்பாணை போதும். இதில் குடியேற்றத் துறை, தொழிலாளர் துறை, வருமான வரித் துறை, மருத்துவ கவுன்சில், பார் கவுன்சில் எல்லாரும் சம்மதிக்கணும். அவர்களில் யாரும் வர்த்தக அமைச்சருக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம், ஒப்பந்தத்தில் எழுதுவது ஒன்று, நடைமுறையில் இருப்பது வேறொன்று. அடிப்படைத் தொலைத்தொடர்பில் 25 சதவீதம் வரை அந்நிய முதலீடு என்று 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வாக்குக் கொடுத்தது. யாரும் கட்டாயப்படுத்தாமலே 2005-ல் அதை 74 சதவீதமாகவும், 2013-ல் 100 சதவீதமாகவும் உயர்த்தியது. திறந்தது நிஜம்தான், ஆனால் 'இனி மூட மாட்டோம்' என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. சேவை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை தருவது இந்த எழுத்தைத்தான். புதுக் கதவைத் திறப்பது அபூர்வம். இருக்கிற கதவைச் சாத்த மாட்டோம் என்ற உறுதிமொழிதான் அதிகம்.

சீனாவும் வியட்நாமும் வேறு பாதையில் வந்தன. அரசுக் கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகள் அவை. உலக வர்த்தக அமைப்பில் சேர நுழைவுக் கட்டணம் போல ஒரு பெரிய சீர்திருத்தப் பட்டியலையே கொடுக்க வேண்டியிருந்தது. 2001-ல் சேர்ந்த சீனா, ஐந்து ஆண்டுக்குள் வெளிநாட்டு வங்கிகள் உள்நாட்டு நாணயத்தில் எல்லா வாடிக்கையாளர்களுடனும் வியாபாரம் செய்யலாம் என்று தேதி போட்டு ஒப்புக்கொண்டது. வியட்நாம் 2007-ல் சேர்ந்தது. 1996-ல் விண்ணப்பித்த கஜகஸ்தான் 2015-ல்தான் உள்ளே வந்தது. இந்தியா தொடக்கத்திலிருந்தே உறுப்பினர் என்பதால் அந்தக் கட்டணம் கட்டவில்லை. நம் சீர்திருத்தம் 1991 நெருக்கடியில் தொடங்கி, உள்நாட்டு அரசியல் அனுமதித்த வேகத்தில் நடந்தது. ஹைதராபாத்தில் சைபர் டவர்ஸ் கட்டடத்தை 1998 நவம்பரில் வாஜ்பாய் திறந்துவைத்ததும், சர்வதேசத் தொலைபேசியில் வி.எஸ்.என்.எல். ஏகபோகம் 2002-ல் முடிந்ததும் எந்த நாட்டோடும் போட்ட ஒப்பந்தத்தால் அல்ல. ஊரை மாற்றியதில் இவற்றுக்கு இருக்கும் பங்கு எந்த ஒப்பந்தத்துக்கும் இல்லை என்றே சொல்லலாம்.

எழுதி வாங்கினால் மட்டும் போதுமா? சிங்கப்பூர் அனுபவம்

2005-ல் சிங்கப்பூருடன் போட்ட 'சீகா' ஒப்பந்தத்தில் இந்தியா கேட்டது கிடைத்தது. தற்காலிகமாகப் போய் வேலை செய்யக்கூடிய 127 தொழில்களின் பட்டியலே அதில் இருக்கிறது. அப்புறம் என்ன ஆச்சு? 2014-ல் சிங்கப்பூர் ஒரு விதி கொண்டுவந்தது: வெளிநாட்டாரை எடுப்பதற்கு முன் உள்ளூரில் விளம்பரம் செய்ய வேண்டும். 2023-ல் வேலை அனுமதிச் சீட்டுக்கு மதிப்பெண் முறை வந்தது. சிங்கப்பூர்த் தரப்பு வாதம், பட்டியலில் தொழில் இருப்பதால் யாருக்கும் அனுமதி தானாகக் கிடைக்காது, வழக்கமான தகுதிகளைப் பூர்த்தி செய்தாக வேண்டும் என்பது. 'சீகாவால்தான் இந்தியர்கள் வந்து வேலைகளை எடுத்துக்கொள்கிறார்கள்' என்ற கோபம் அங்கே வளர்ந்து, 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் நீண்ட விளக்கம் தர வேண்டிய நிலை வந்தது. இங்கே கிடைக்கவில்லை என்ற புகார், அங்கே அதிகம் கொடுத்துவிட்டோம் என்ற புகார். ஒரே ஒப்பந்தம்தான்.

பட்டங்களை ஏற்கும் கதை இன்னும் மெதுவானது. இந்திய நர்சுகளின் படிப்பை சிங்கப்பூர் ஏற்பதற்கான உடன்பாடு 2018-ல்தான் முடிவானது. ஒப்பந்தம் கையெழுத்தாகி 13 ஆண்டு கழித்து.

அமெரிக்காவோடு?

ஹைதராபாத் வீடுகளில் அதிகம் பேசப்படும் நாட்டோடு சேவைகளுக்கான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் எதுவும் இந்தியாவுக்கு இருந்ததில்லை. கையில் இருப்பது காட்ஸ் மட்டுமே. அதில் அமெரிக்கா கொடுத்த வாக்கு, உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 ஹெச்-1பி. அந்த எண்ணை அமெரிக்கா மீறவில்லை. ஆனால் கட்டணம்? 2015 இறுதியில் நிறைவேறிய சட்டம், ஊழியர்களில் பாதிக்கு மேல் ஹெச்-1பி, எல்-1 விசாவில் உள்ள நிறுவனங்களுக்கு ஒரு ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு 4,000 டாலர் கூடுதல் கட்டணம் போட்டது. 2016 மார்ச்சில் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. அது ஆலோசனைக் கட்டத்தைத் தாண்டவில்லை. 2019 டிசம்பரிலிருந்து அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வே முடங்கிக் கிடக்கிறது.

2025 செப்டம்பர் 19-ல் அதிபர் டிரம்ப் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார். 2024 நிதியாண்டில் அங்கீகரிக்கப்பட்ட ஹெச்-1பி விண்ணப்பங்களில் சுமார் 71 சதவீதம் இந்தியாவில் பிறந்தவர்களுடையது. அதனால் அடி எங்கே விழும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விசாவைவிடச் சத்தமில்லாத ஒரு இழப்பும் உண்டு. அங்கே வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குப் போகிறது. நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. சுமார் பத்து ஆண்டு கட்டினால்தான் ஓய்வூதிய உரிமை. ஆறு வருடத்தில் திரும்பி வருபவருக்கு அந்தப் பணம் போனது போனதுதான். ஜெர்மனி, பெல்ஜியம், ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகளோடு இதற்கு உடன்பாடு இருக்கிறது. அமெரிக்காவோடு இல்லை.

அப்படியானால் உருப்படியாகக் கிடைத்தது எது?

பெரும்பாலும் தலைப்புச் செய்தியில் வராதவை. 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தோடு, இந்தியாவில் உட்கார்ந்து ஐ.டி. நிறுவனங்கள் செய்துகொடுக்கும் தொழில்நுட்பச் சேவைக்கு ஆஸ்திரேலியா வரி போடுவது நின்றது. அதற்காக அந்த நாடு தன் வரிச் சட்டத்தையே திருத்தியது. பல ஆண்டுப் புகார் அது. ஒரு விசாகூட இதில் சம்பந்தப்படவில்லை. ஆனாலும் நிறுவனக் கணக்கில் நேரடி மிச்சம்.

2025 ஜூலை 24-ல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தமும் அப்படித்தான். இங்கிருந்து நிறுவனம் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர், இங்கே பி.எஃப். கட்டிக்கொண்டே அங்கே நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்ட வேண்டாம் என்பதே அதன் பெரிய பலன். அப்போது சொல்லப்பட்ட காலம் மூன்று ஆண்டு வரை. ஆனால் பிரிட்டிஷ் நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்தால் இந்தச் சலுகை பொருந்தாது. விசா கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதார மேல்வரியும் அப்படியே இருக்கின்றன. சமையல் கலைஞர்கள், யோகா ஆசிரியர்கள், செவ்வியல் இசைக் கலைஞர்களுக்கு ஆண்டுக்கு 1,800 இடங்கள். செய்திகளில் அதிகம் ஓடியது இந்த எண்தான். ஹைதராபாத் கணக்கில் சில்லறை.

நாம் மட்டும் திறந்து வைத்திருக்கிறோமா?

இல்லை. பிரிட்டன் ஆசைப்பட்ட சட்டத் தொழில் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லை. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே தொழில் செய்யலாமா என்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே.பாலாஜி வழக்காகத் தொடங்கியது. 2012-ல் வந்த தீர்ப்பு, அவர்கள் வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், தொழில் நடத்தக் கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சற்று இறுக்கி உறுதிசெய்தது. பார் கவுன்சில் 2023-ல்தான் நிபந்தனைகளோடு கதவை ஒருக்களித்தது. இன்ஷூரன்ஸில் 1999-ல் 26 சதவீதமாக இருந்த அந்நிய முதலீட்டு வரம்பு 49, 74 என்று ஏறி, 100 என அறிவிக்கப்பட்டது 2025 பட்ஜெட்டில்தான். எதிர்த்தரப்பு நம்மிடம் கேட்பதும் நாம் அவர்களிடம் கேட்பதும் ஒரே மாதிரி கஷ்டம்.

இப்போது கவலைப்பட வேண்டியது எதற்கு?

ஹைதராபாத்தின் வேலை இப்போது ஆன்சைட்டை மட்டும் நம்பியில்லை. 2022-23-ல் தெலங்கானாவின் ஐ.டி. ஏற்றுமதி சுமார் 2.41 லட்சம் கோடி ரூபாய், ஊழியர்கள் சுமார் 9 லட்சம் பேர். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காகத் திறக்கும் 'ஜி.சி.சி.' மையங்கள் நாடு முழுக்க 1,700-ஐத் தாண்டிவிட்டன. அவற்றுக்கான முக்கிய நகரங்களில் ஹைதராபாத் ஒன்று. அந்த நான்கு வழிகளில் சொன்னால், மூன்றாவது வழியில் உள்ளே வந்து முதல் வழியில் வெளியே போகும் வேலை. விசா கடினமாகும்போது இது கூடவும் செய்யலாம்.

ஆனால் இதற்கும் தடை போட முடியும். தனிநபர் தகவல்களை இந்தியாவுக்கு அனுப்பிக் கையாள ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் கடுமையானவை. 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மீண்டும் தொடங்கிய ஐரோப்பிய ஒப்பந்தப் பேச்சில், 'தகவல் பாதுகாப்பான நாடு' என்ற அந்தஸ்தை இந்தியா கேட்டுவந்தது இதனால்தான். அமெரிக்க செனட்டிலோ, வெளிநாட்டுக்கு வேலையைக் கொடுக்கும் நிறுவனங்கள் அந்தத் தொகைக்கு 25 சதவீத வரி கட்டணும் என்ற மசோதா 2025 செப்டம்பரில் அறிமுகமானது. அதன் இலக்கு விசா வாங்கிப் போகிறவர் அல்ல, கச்சிபௌலியைவிட்டு நகராமல் வேலை செய்பவர்.