காரணமா, விளைவா? ஏபிஎல்1 மரபணுவும் நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோயும் (1960–2013)

முன்னுரை

உயிரணுவினுள் செய்தி கடத்தப்படுவதற்குப் புரதங்களின்மீது பாஸ்பேட் தொகுதி ஏற்றப்படுதல் இன்றியமையாதது. இப்பணியைச் செய்யும் நொதிகள் புரதக் கைனேஸ்கள் எனப்படும். மனித மரபுத்தொகுதியில் இவற்றுக்குரிய மரபணுக்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று ஒன்பதாம் குரோமோசோமில் அமைந்த ஏபிஎல்1. இதன் வரலாறு பெரும்பாலும் இமாட்டினிப் என்னும் மருந்தின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதுகையில், நோயாளியின் உயிரணுவில் காணப்பட்ட மாற்றம் நோயின் காரணமா, விளைவா என்னும் வினா நெடுங்காலம் தீராதிருந்தமை மறைந்துபோகிறது. அவ்வினா தீர்ந்த முறையையே இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறு குரோமோசோம்

1960ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவெலும், அதே பிலடெல்பியா நகரின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டும் ஒரு சிறு குறிப்பைச் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோய் கொண்ட எழுவரின் உயிரணுக்களில் இயல்புக்கு மாறான சிறியதொரு குரோமோசோம் இருந்தது என்பதே அதன் சாரம். நகரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் எனப்பட்டது. தொடக்கத்தில் அப்பெயருடன் '1' என்னும் எண்ணும் சேர்க்கப்பட்டது. இத்தகையவை மேலும் பல கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அதற்குக் காரணம். இரண்டாவது ஒன்று வரவேயில்லை.

பிற புற்றுநோய்களில் குரோமோசோம்கள் நோயாளிக்கு நோயாளி வெவ்வேறு வகையில் சிதைந்திருந்தன. ஆகவே இம்மாற்றங்கள் நோய் முற்றியதன் அடையாளங்களே என்னும் கருத்து அன்று வலுவாக நிலவியது. சிறு குரோமோசோமும் ஒரு துண்டை இழந்ததாகவே கருதப்பட்டது. 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி புதிய சாயமேற்றும் முறைகளைக் கையாண்டு, இருபத்திரண்டாம் குரோமோசோமில் குறைந்த அளவு ஒன்பதாம் குரோமோசோமில் கூடியிருப்பதைக் காட்டினார். துண்டு இழக்கப்படவில்லை, இடம் மாறியிருந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் அதே இடமாற்றம் நிகழ்ந்திருந்தமை தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று. எனினும் முறிவிடத்தில் எந்த மரபணு இருந்தது என்பதை நுண்ணோக்கி காட்ட இயலாது.

சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு

விடை தொடர்பற்றதாகத் தோன்றிய வேறொரு துறையிலிருந்து வந்தது. 1970இல் ஹெர்பர்ட் ஏபெல்சன், லூயிஸ் ராப்ஸ்டீன் ஆகியோர் சுண்டெலிகளில் விரைந்து புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரசை விவரித்தனர். அவ்வைரசு சுமந்தது சுண்டெலியின் சொந்த மரபணுவொன்றின் பகுதியே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஏபெல்சன் பெயரிலிருந்தே ஏபிஎல் என்னும் பெயர் வந்தது. 1980இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்குழு, அம்மரபணுவின் புரதம் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் எனக் காட்டியது. 1982இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித ஏபிஎல் மரபணு இந்நோயில் ஒன்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இடம்பெயர்வதை நிறுவினர். அங்கே அது பிசிஆர் என்னும் மரபணுவுடன் இணைகிறது. தேவைப்படும்போது மட்டும் இயங்கவேண்டிய நொதி, அவ்விணைப்பால் ஓயாது இயங்கும் நொதியாகிறது.

இவையனைத்தும் உடனிகழ்ச்சிக்கே சான்றுகள். 1990இல்தான் ஜார்ஜ் டேலி, ரிச்சர்டு வான் எட்டன், பால்டிமோர் ஆகியோர் இணைந்த மரபணுவை எலும்பு மஜ்ஜை உயிரணுக்களில் புகுத்தி, அவற்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். சிலவற்றில் மனித நோயை ஒத்த நோய் தோன்றியது.

மருந்தின் தோல்வி அளித்த சான்று

பாசெல் நகரின் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் முதலியோர் உருவாக்கிய இமாட்டினிப், பிரையன் ட்ரூக்கரின் முயற்சியால் 1998 ஜூனில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேரின் இரத்த அணு எண்ணிக்கை இயல்புநிலை அடைந்தது. 2001 மே மாதம் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

வரலாற்றாசிரியர்கள் இவ்வெற்றியையே இறுதிச் சான்றாகக் கொள்வர். அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு முடிவே அதனினும் வலியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இமாட்டினிப் ஒன்றுக்கு மேற்பட்ட கைனேஸ்களைத் தடுப்பது. ஆகவே அதன் பயன் வேறு வழியில் விளைந்திருக்கலாம் என ஐயுற இடமிருந்தது. சார்லஸ் சாயர்ஸின் குழு, மருந்து பயனற்றுப்போன ஒன்பது நோயாளிகளை ஆராய்ந்தபோது, அறுவரிடம் ஏபிஎல் புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதிலாக ஐசோலூசின் இருந்தது. மருந்து பற்றும் இடம் அது. நோய் மீண்டெழுவதற்கு அதே மரபணுவையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததெனில், அந்நோய் அதனைச் சார்ந்தே வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

சென்னையில் ஒரு விண்ணப்பம்

காரணம் தெளிந்தபின் எழுந்த வினா, மருந்து எவருக்குக் கிட்டும் என்பது. இதில் சென்னைக்கு நேரடித் தொடர்புண்டு. இமாட்டினிப் மெசைலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அது 2006இல் மறுக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், அப்பிரிவு கோரும் கூடுதல் பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனையே குறிக்கும் என்றும், படிக வடிவம் அதனை மெய்ப்பிக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தது. நோவார்ட்டிஸ் மருந்து மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய்க்கும், இந்திய நிறுவனங்களின் அதே மருந்து ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கும் விற்கப்பட்ட காலம் அது.