குரோம்பேட்டையின் குரோமியம்

1976-ல் நம் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நான் செய்த ஒரு கூத்தை அன்றைய தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் ஊரின் பெயரைப் பற்றிக் கொஞ்சம்.

தாம்பரத்திலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமிய உப்பில் சீக்கிரமே பதமாகிவிடும். 1912-ல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். அந்தப் பெயரே பேட்டைக்கும் ஒட்டிக்கொண்டது. 'குரோமா' என்றால் கிரேக்க மொழியில் நிறம்.

பின்னாளில் அந்த வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைகள் பெருகின. எங்கள் வீடும் அங்கேதான். கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்திருந்தது. "நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியே, என்னன்னு பாரேன்டா" என்றார் அம்மா.

ஒரு பாட்டிலில் எடுத்துப் போனேன். அமிலம் சேர்த்து டைஃபீனைல் கார்பசைடு விட்டால், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் செவ்வூதாவாகக் காட்டிக்கொடுக்கும். கலரிமீட்டரில் பச்சை வடிகட்டி போட்டு, 540 நானோமீட்டர் அருகே அளக்க வேண்டியதுதான். என் குடுவை பளிச்சென்று சிவந்தது. கூட்டம் கூடிவிட்டது.

பேராசிரியர் நிதானமாக வந்தார். "பிளாங்க் போட்டியா?"

போடவில்லை. வாலை வடிநீரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் சிவந்தது!

"குடுவையை எதுல கழுவினே?"

வழக்கம்போல குரோமிக் அமிலத்தில்தான். டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கலவை. நான் அளந்தது கிணற்றை அல்ல, கழுவிய குரோமியத்தை!

நைட்ரிக் அமிலத்தில் கழுவி மறுபடி செய்தேன். இரண்டுமே நிறமில்லாமல் நின்றன. அப்பாடா என்றிருந்தது. அதையும் அவர் விடவில்லை. "தோல் பதனிடறது மூணு இணைதிறன் குரோமியம்ப்பா. இந்தச் சோதனை கண்ணுக்கு அது படாது. முதல்ல பெர்மாங்கனேட்டால ஆக்சிஜனேற்றம் பண்ணு."

பண்ணினேன். மிஞ்சிய பெர்மாங்கனேட்டையும் நீக்கிய பிறகு, கிணற்று நீரில் மட்டும் இளஞ்சிவப்பு, தெரிந்தும் தெரியாமலும்.

குடிநீரில் அனுமதிக்கப்படும் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு 0.6 கிராம்! எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல எங்கள் கலரிமீட்டரை நம்ப முடியவில்லை. இன்று அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் 357.9 நானோமீட்டரில் வைத்து அனாயாசமாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழகத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996-ல். என் பாட்டிலுக்கு இருபது வருஷம் கழித்து.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார்: "இருக்கா, இல்லையா?"

"இருக்கற மாதிரி இருக்கும்மா. எவ்வளவுன்னு சொல்லத் தெரியல."

அன்று சாயங்காலமே குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். கிணற்றுத் தண்ணீர் அதற்குப் பிறகு துணி துவைக்க மட்டும்தான்.