வயர் கொழுவினால் போதுமா? பகிர்ந்த டிஸ்க்குகளின் கதை

குறூப் அசைன்மென்ட் செய்த எல்லாருக்கும் இது தெரியும். ஒருவருடைய பென்டிரைவில் மூன்றாம் பக்கம் திருத்தப்பட்டிருக்கும். இன்னொருவருடையதில் முடிவுரை மாறியிருக்கும். எது சரியான பிரதி எண்டு கடைசியில் ஒருத்தருக்கும் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் கணினிக்கூடங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி டிஸ்க். கணினி பழுதானால், டிஸ்க் நல்லாயிருந்தும் அதிலுள்ளது கைக்கு எட்டாது.

1983இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் கோர்ப்பரேஷன் இதற்கு ஒரு வழியை அறிவித்தது. பெயர் வாக்ஸ்கிளஸ்ரர். நடுவில் 'ஸ்ரார் கப்ளர்' என்றொரு பெட்டி. அதற்கு மின்சாரமே தேவையில்லை. வரும் சமிக்ஞையை எல்லாப் பக்கமும் பிரித்துவிடுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு கணினியிலிருந்தும் அதற்கு நாலு கேபிள் போகும்: அனுப்ப இரண்டு, பெற இரண்டு. ஒரு பாதை அறுந்தாலும் மற்றது இருக்கும். வேகம் செக்கனுக்கு 70 மெகாபிட். பெட்டியிலிருந்து 45 மீற்றருக்கு மேல் கேபிள் இழுக்க ஏலாது. டிஸ்க்குகள் எந்தக் கணினிக்கும் சொந்தமாகாமல், எச்எஸ்சி50 என்ற தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக அதே பெட்டியோடு இணைந்தன. கணினிகளும் இக்கருவிகளுமாக மொத்தம் 16 வரை சேரலாம்.

வயர் கொழுவியாச்சு. பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை, இங்கதான் தொடங்குது. இரண்டு கணினிகள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு நாசம். அதனால் எழுதமுன் 'பூட்டு' கேட்க வேண்டும். வாசிக்க மட்டும் என்றால் பலர் சேர்ந்து வாசிக்கலாம். எழுத என்றால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இந்தப் பூட்டுக் கணக்கையும் ஒரே கணினியிடம் கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் பங்கிட்டு வைத்தார்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. இணைப்பு அறுந்து கணினிகள் இரண்டு அணியாகப் பிரிந்தால், மற்றப் பக்கம் செத்துவிட்டது என்றே ஒவ்வோர் அணியும் நினைக்கும். இரண்டும் எழுதத் தொடங்கினால் டிஸ்க் அவ்வளவுதான். அதற்காக வாக்குமுறை வைத்தார்கள். போதிய வாக்குள்ள அணி வேலையைத் தொடரும். மற்றது, எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும், நிற்க வேண்டும்.

பெரும்பான்மை தொடரட்டும், சிறுபான்மை நிற்கட்டும் என்று வாசித்தால் எங்களுக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இந்த விதி காப்பாற்றுவது பெரும்பான்மையை அல்ல, பொதுவில் இருக்கிற டிஸ்க்கை. சரிபாதியாகப் பிரிந்து ஒருவருக்கும் வாக்குப் போதாவிட்டால் இரண்டு அணியும்தான் நிற்கும். நின்ற கணினி இணைப்புத் திரும்பியதும் தன் வாக்கோடு மறுபடி வந்து சேரலாம்.

1994இல் ஃபைபர் சனல் தரநிலை வந்தது. அதன் கண்ணாடி இழைகளில் டிஸ்க்குகளைக் கிலோமீற்றர்களுக்கு அப்பால் வைக்கவும் முடிந்தது. ஆனாலும் யார் எப்போது எழுதுவது, பிரிந்தால் யார் நிற்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலே விதி செய்துவைக்க வேண்டியிருந்தது. எங்கள் குறூப்பில் பென்டிரைவ் இருந்தது; அந்த விதிதான் இருக்கவில்லை.