நீரின் அகச்சிவப்பு உட்கவர்தலும் வெப்பநிலையும்

திரவ நீர் எந்த அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு உட்கவரும் என்பது அதன் சூட்டைப் பொறுத்துச் சற்று மாறும். காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு, பனிக்கட்டியில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3200, திரவ நீரில் 3400, ஆவியில் 3700 என்ற அலையெண்களை ஒட்டி அமைகிறது. பக்கத்து மூலக்கூறு ஹைட்ரஜனை இழுத்துப் பிடிப்பதால் இந்த அதிர்வு தளர்கிறது. நீரைச் சூடாக்கினால் பிடி நெகிழ்ந்து இந்த அதிர்வின் உட்கவர் பட்டை உயர் அலையெண் பக்கம் நகரும், வலிமையும் குறையும். எல்லாப் பட்டைகளும் அப்படியே நகரும் என்று நினைத்துவிடக் கூடாது. 1640-ஐ ஒட்டிய வளைவு அதிர்வும், மூலக்கூறு முழுவதும் ஊசலாடும் 700-க்குக் கீழான அதிர்வும் தாழ் அலையெண் பக்கமே போகின்றன.

கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் மீன்பிடிக்கும் பாக் விரிகுடாவின் மேற்பரப்புச் சூட்டை, 2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் போன்ற செயற்கைக்கோள்கள் 10.3 முதல் 12.5 மைக்ரோமீட்டர் வரையிலான இரு அகச்சிவப்பு அலைவரிசைகளில் அளந்துவந்தன. மீன் கூடும் இடங்களைப் பற்றி ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அறிவிப்புக்குக் கடல் வெப்பநிலையும் பச்சையமுமே அடிப்படை. ஆனால் இந்த அலைநீளங்களை நீர் கடுமையாக உட்கவர்வதால், வெளியே வரும் கதிர் மேலே உள்ள சுமார் 10 மைக்ரோமீட்டர் படலத்தினுடையதுதான். அப்படலம் அடியிலுள்ள நீரைவிடப் பெரும்பாலும் 0.2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். வலை இறங்கும் ஆழத்தின் சூட்டைச் செயற்கைக்கோள் நேரடியாகப் பார்ப்பதே இல்லை. மேகம் மூடினால் அந்தப் படலமும் மறையும். மேகத் துளியும் நீர்தான், கடலின் கதிரை வழியிலேயே விழுங்கிவிடும்.

முன்பு சொன்ன மூலக்கூறு ஊசலாட்டப் பட்டையின் ஓரம் இந்தச் செயற்கைக்கோள் அலைவரிசைகளைத் தொடுகிறது. எனவே நீரின் சூடு மாறினால் அதன் கதிர்வீசும் திறனும் சிறிது மாறும். சாய்வாகப் பார்க்கையில் வித்தியாசம் கூடும். பிரிட்டன் வானிலை ஆய்வாளர்கள் 2005-இல் இதை அளந்து வெளியிட்டனர். அதற்கு முன் பரவலாகப் பயன்பட்ட அட்டவணைகள் 25 டிகிரியை ஒட்டி எடுத்தவை. வெதுவெதுப்பான பாக் விரிகுடாவுக்கு அவை ஓரளவு பொருந்தும். குளிர்கடல்களில்தான் பிழை துருத்தியது.

அண்மை அகச்சிவப்பில் மாற்றம் இன்னும் வெளிப்படை. 1450 நானோமீட்டரை ஒட்டிய பட்டை சூடேறும்போது குறுகி உயர்ந்து, சிறிய அலைநீளம் நோக்கி நகர்கிறது. கருவாட்டின் ஈரத்தை இந்தக் கதிரால் அளந்தால், வெயிலிலிருந்து அப்போதே எடுத்ததும் நிழலில் ஆறியதும், ஈரம் ஒன்றாகவே இருந்தாலும், வெவ்வேறு எண் காட்டக்கூடும். அதனால் மாதிரியை ஆறவைத்து அளப்பார்கள். இல்லையேல் கருவியைப் பல வெப்பநிலைகளில் அளவுதிருத்தம் செய்துகொள்வார்கள்.