வெர்ஸ்டப்பன்: காரின் வெற்றியா, ஆளின் வெற்றியா?



நேற்று இடைவேளையில் தரம் 11 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், வெர்ஸ்டப்பன்ட கார்தானே நல்லம்? அதாலதானே வெல்றார்? அவரப் போய் ஏன் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள்ன்டு சொல்றாங்க?"

நல்ல கேள்வி. வரலாறு படிப்பிப்பவன் என்பதால் பதிலையும் அங்கேயே தேடினேன்.

போர்மியுலா வன் உலக சம்பியன்ஷிப் 1950இல் தொடங்கியது. அந்த ஆண்டு 7 பந்தயங்கள் மட்டுமே. 2024இல் 24. எனவே வெற்றிகளை வெறுமனே எண்ணி ஒப்பிட்டால் பழையவர்களுக்கு அநியாயம் செய்துவிடுவோம். லூயிஸ் ஹமில்டன் 2024 முடிவு வரை 105 பந்தயங்களை வென்றவர். ஆர்ஜென்டீனாவின் ஃபஞ்சியோ வென்றது 24தான். ஆனால் அவர் ஓடியதே 51 பந்தயங்கள். நான்கு வெவ்வேறு அணிகளின் கார்களில் ஐந்து தடவை உலக சம்பியன் ஆனார்.

1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் டயர் மாற்ற நின்றதால் ஃபஞ்சியோ இரண்டு பெராரிகளுக்குப் பின்னால் போய்விட்டார். வயது 46. சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டி, இறுதிக்கு முந்திய சுற்றில் இருவரையும் முந்தி வென்றார். அவரைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் சொல்வது அந்தப் பந்தயத்தைத்தான். சாரதியின் கெட்டித்தனம் தெரிவது நிலைமை பாதகமாக இருக்கும்போதுதான்.

இப்போது வெர்ஸ்டப்பனுக்கு வருவோம். 17 வயதில் அறிமுகம், 2016இல் 18 வயதில் முதல் வெற்றி. 2023இல் 22 பந்தயங்களில் 19 வெற்றி. "அது காரின் வெற்றி" என்பார்கள். சரி, அதே காரை ஓட்டிய சக சாரதி பெரெஸ் அந்த ஆண்டு வென்றது 2 மட்டும். அப்படியென்றால் எல்லாம் காரால் என்று சொல்ல முடியாது.

என்னைப் பொறுத்தவரை 2023ஐ விட 2024தான் பெரிய சாட்சி. அந்த ஆண்டு ரெட்புல் அணி அணிகளுக்கான தரவரிசையில் மூன்றாம் இடம். ஆனால் வெர்ஸ்டப்பன் தொடர்ந்து நான்காவது தடவையாக உலக சம்பியன். பிரேசிலில் கொட்டும் மழையில் 17ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு முதலாவதாக வந்தார்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. 2021 அபுதாபியில் கடைசிச் சுற்றில் அவருக்குக் கிடைத்த பட்டம், பந்தய அதிகாரியின் முடிவால் இன்னும் சர்ச்சையாகவே இருக்கிறது. 2024 மெக்சிக்கோவில் நொரிஸைப் பாதைக்கு வெளியே தள்ளியதற்காக 20 செக்கன்கள் தண்டனை பெற்றார். 1990இல் செனாவும் 1997இல் ஷுமாக்கரும் போட்டியாளரின் கார் மீது மோதியவர்கள்தான். மேதைகள் செய்தார்கள் என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது.

ஆகவே என் பதில்: வெர்ஸ்டப்பன் மிகச் சிறந்தவர்களின் வரிசையில் ஏற்கனவே இடம்பிடித்துவிட்டார். அந்த வரிசையில் முதலாமவரா என்றால், இல்லை. ஃபஞ்சியோ போல வேறு அணியின் காரிலும் பட்டம் வென்று காட்டட்டும், பிறகு பேசலாம்.

மாணவனிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஹமில்டன் சேர்?" என்றான். மணி அடித்துவிட்டது. உங்கள் பதிலைக் கீழே எழுதுங்கள், திங்கட்கிழமை அவனிடம் வாசித்துக் காட்டுகிறேன்.