கப்பலேறிய ரயில்

பாரிஸ் லா சப்பலில் என் வீட்டிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கேதான் யூரோஸ்டார் ஏறுவேன். இரண்டேகால் மணி நேரம். கடலைக் கடந்ததே தெரியாது. ஆனால் அந்த மேடையில் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது, முன்பு காலை வேளையில் அங்கே வந்து நின்ற நீல நிறப் படுக்கைப் பெட்டிகள்தான்.

'நைட் ஃபெரி' என்று பெயர். 1936 அக்டோபர் 14-இல் தொடங்கியது. இரவு லண்டன் விக்டோரியாவில் ஏறிப் படுத்தால் காலையில் பாரிஸ். நடுவில் இருக்கும் கடலுக்கு என்ன செய்தார்கள்? ஆட்களோடு பெட்டிகளையே கப்பலில் ஏற்றினார்கள்.

டோவரில் கடல் நாளுக்கு இரண்டு முறை பல மீட்டர் ஏறி இறங்கும். கரையில் தண்டவாளம் அசையாது. கப்பலோ நீரோடு உயர்ந்து தாழும். அதற்காகவே கதவு வைத்த தனித் துறை கட்டினார்கள். கப்பல் நுழைந்ததும் கதவை அடைத்து, பம்பு வைத்து நீர்மட்டத்தைச் சரிசெய்து, கப்பலின் தண்டவாளத்தைக் கரைத் தண்டவாளத்தோடு பொருத்தினார்கள். பிறகு பெட்டிகளை உள்ளே தள்ளி, தளத்தோடு சங்கிலியால் பிணைத்தார்கள். அந்தச் சங்கிலிச் சத்தத்துக்கு விழிக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். படுக்கை அறைக்குள்ளேயே உயிர்காப்பு அங்கியும் இருக்கும். கப்பல் டன்கர்க்கில் கரை சேர்ந்ததும் பெட்டிகள் பாரிஸுக்கு ஓடும்.

சென்னையில் படித்த என் அப்பா, இலங்கையின் தலைமன்னாரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டி படுக்கையோடு கப்பலேறி, தனுஷ்கோடியில் சென்னைக்குப் போட் மெயில் ரயில் பிடித்தவர். 1964 புயல் அந்த வழியையே கொண்டுபோனது. படுத்த இடத்திலேயே கடல் தாண்டுவது எவ்வளவு பெரிய சுகம் என்பது அப்படி இறங்கி ஏறியவர்களுக்குத்தான் புரியும்.

போரால் 1939-இல் நின்ற நைட் ஃபெரி, 1947-இல் மறுபடி ஓடியது. பிறகு விமானம் வந்து பயணிகளை இழுத்துக்கொண்டது. பெட்டிகளும் பழசாயின. 1980 அக்டோபர் 31-இல் கடைசி ஓட்டம். அதன்பின் 14 ஆண்டுகள், 1994 நவம்பரில் யூரோஸ்டார் வரும்வரை, இந்த இரு நகரங்களுக்கிடையே இறங்காமல் போக ஒரு ரயில் இல்லை.

வேகம் கிடைத்துவிட்டது, நல்லதுதான். ஆனால் பொறியாளர்களின் பொறுமைக்கு நைட் ஃபெரியைவிடப் பெரிய சான்றை நான் கண்டதில்லை. அதன் நீலப் பெட்டி ஒன்று இங்கிலாந்தில் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள்.