ஆவாரம் பட்டையும் கமலைத் தோலும்

கோவில்பட்டிக் கரிசற் சீமையின் தரிசுகளில் மஞ்சள் மலர் தாங்கி நிற்பது ஆவாரை. அதன் பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து, பச்சைத் தோலை அழுகாமற் காக்கும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்த தோலைப் பட்டைச் சாற்றில் பல நாள் ஊறப் போடுவர். கடுக்காய் நீரில் முடிப்பர். கமலைச் சாலுக்கு வேண்டிய தோல் இவ்வாறு கிடைத்தது.

பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரடு சாட்டர்ட்டன் சென்னையில் குரோமியப் பதனீட்டைப் புகுத்தினார். 1948-இல் அங்கே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று.

மாணவர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோட்டத்துக்கு நீரிறைத்த தோலைப் பதனிட்ட கைகள், ஊர்ப் பொதுக் கிணற்றைத் தொடலாகாதென விலக்கப்பட்டன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்தது. மனத்தினின்றும் அதனைக் களைவது நம் கடனன்றோ?